பென் டிரைவுக்குள் எலும்புகள்

ஜூன் 2

வணக்கம்.

கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். கிழித்துப் போட்டுவிடாமல் முழுக்கப் படியுங்கள். விவாகரத்து விஷயமாக எழுதவில்லை. ஃபோனில் பேசக்கூடாத ஒன்று. அதனால்தான் தபால்.

நான் அதே ஆஸ்பத்திரியில், அதே எக்ஸ்ரே அறையில்தான் இருக்கிறேன். போன வருஷக் கடைசியிலிருந்து லாக்கப்பிலிருந்து ஆட்களைக் கொண்டுவருகிறார்கள். எல்லோருமே படியில் விழுந்தவர்கள் என்று சீட்டில் எழுதியிருக்கும். படியில் விழுந்தால் எந்த எலும்பு உடையும், அடித்தால் எது உடையும் என்று எனக்குத் தெரியாதா? ஒருநாள் பழைய படம் ஒன்றைத் தேடினேன். லாக்கப் ஆட்களின் படங்கள் மட்டும் கம்ப்யூட்டரில் இல்லை. கேட்டால், "சிஸ்டம்ல ஏதோ பிரச்சினைம்மா, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார்கள். அதிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நகல் எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

வைக்க இடம் கொடுத்தது ஒரு வக்கீலம்மா. பார்க்கச் சாதாரண பென் டிரைவ்தான். ஆனால் கம்ப்யூட்டரையே அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதற்குள்ளேயே தனி சிஸ்டம் ஒன்று ஓடுகிறது. பிடுங்கிவிட்டால் கம்ப்யூட்டரில் நான் உட்கார்ந்த சுவடே இருக்காது. படங்கள் அதே பென் டிரைவில், பாஸ்வேர்டு போட்ட இடத்தில் இருக்கின்றன. உங்கள் ரிப்பேர் கடைக்கு வருகிற சமாச்சாரம்தானே, உங்களுக்குப் புரியும்.

வக்கீலம்மாவைப் போன மாதம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பென் டிரைவோ, திறக்கும்போதெல்லாம் "புதிய பதிப்பு வந்துவிட்டது, பழையதில் ஓட்டை இருக்கிறது, அப்டேட் செய்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தது. அவர் வந்து செய்துகொடுப்பார் என்று தள்ளிப்போட்டேன். போன வாரம் பயம் தாங்காமல் நானே 'சரி' என்று அழுத்தினேன். என் லேப்டாப் பேட்டரி செத்து எத்தனையோ காலம் ஆகிறது. பாதியில் கரண்ட் போய்விட்டது. இப்போது போட்டால் கறுப்புத் திரையும் மேலே இரண்டு வெள்ளை வரியும்தான் வருகின்றன.

லாக்கப் சம்பவங்களுக்கான விசாரணைக் கமிஷன் இந்த மாதக் கடைசியில் உட்காருகிறது. அந்தப் படங்களைத் தவிர வேறு சாட்சியே கிடையாது. பஸ் கண்டக்டர் ஒருவர். கொண்டுவந்தபோது உயிர் இருந்தது. அவருடைய தங்கை தினமும் என் அறை வாசலில் வந்து நிற்கிறாள். "அக்கா, படம் பத்திரமா இருக்குல்ல?" "இருக்கும்மா." தினமும் அவள் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன்.

கேட்க வேறு ஆள் இல்லை. என் ஃபோனை எனக்குத் தெரியாமல் திறந்து படித்தவரிடமே போய் ரகசியத்தைக் காப்பாற்றித் தரச் சொல்கிறேன். பதில் போட இஷ்டமில்லை என்றால் அதையாவது ஒரு வரி எழுதிவிடுங்கள். காத்துக்கொண்டிருக்கத் தெம்பில்லை.

இப்படிக்கு,
நான்தான்


ஜூன் 6

அன்புள்ள எலும்பிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். கல்யாண மேடையில்கூட நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. சரி, நான் சம்பாதித்தது, வாங்கிக்கொள்கிறேன்.

உன் கவர் வந்தபோது ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். படித்து முடித்த பிறகு எந்த ஸ்க்ரூ எங்கே போகும் என்று எனக்கே தெரியவில்லை. அந்த வாடிக்கையாளர் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

முதலில் நல்ல செய்தி. படங்கள் போயிருக்காது. அந்தப் பென் டிரைவில் இரண்டு பங்கு உண்டு. ஒன்றில் சிஸ்டம், இன்னொன்றில் நீ பூட்டி வைத்தது. அப்டேட் கை வைத்தது சிஸ்டத்தில்தான். பாதியில் நின்றதால் அது எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது. பூட்டிய பங்கை யாரும் தொடவில்லை. சத்தியம் பண்ணச் சொன்னால் மாட்டேன், ஆனால் பத்துக்கு ஒன்பது அப்படித்தான். தயவுசெய்து அதை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதே. 'ஃபார்மட் செய்யவா?' என்று ஏதாவது கேட்டால் அந்த நிமிஷமே பிடுங்கிவிடு.

புதிய பதிப்பு ஏற்றிய இன்னொரு பென் டிரைவ் வேண்டும். கம்ப்யூட்டரை அதிலிருந்து ஆரம்பித்து, அப்புறம் உன் பழையதைச் செருக வேண்டும். 'அப்கிரேட்' என்று வந்தால் அழுத்து. சிஸ்டம் மட்டும் புதிதாகும், பூட்டியது அப்படியே இருக்கும். 'இன்ஸ்டால்' என்று எங்கே பார்த்தாலும் கையை எடுத்துவிடு. அதை அழுத்தினால் எல்லாமே துடைத்துக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று. அந்த இரண்டாவது பென் டிரைவ் யார் கையிலிருந்து வருகிறது என்பதுதான் உயிர்நாடி. கெட்ட எண்ணத்தோடு யாராவது அதில் எதையாவது சேர்த்துவிட்டால், நீ தட்டுகிற பாஸ்வேர்டு முதல்கொண்டு அவர்களிடம் போய்விடும். யார் கொடுத்தாலும் சோதிக்காமல் போடாதே. நான் கொடுத்தாலும் சரி.

நானே வந்து செய்துதரட்டுமா? முதல் பஸ்ஸில் வந்தால் மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம். திரை தெரியாத பக்கமாக உட்கார்ந்துகொள்கிறேன். நீ தட்டு, நான் வாயால் சொல்கிறேன்.

சாப்பிடுகிறாயா? வேலை அதிகமானால் நீ சாப்பாட்டை மறப்பாய். கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். கை தானாக எழுதிவிட்டது.

ஸ்க்ரூ


ஜூன் 10

ஸ்க்ரூ,

நீ வர வேண்டாம்.

கோபத்தில் சொல்லவில்லை. நேற்று வேலைக்குப் போனால் என் அலமாரிப் பூட்டு உடைந்து தொங்குகிறது. துணிமணி, டப்பா எல்லாவற்றையும் தரையில் கொட்டியிருந்தார்கள். பெரிய டாக்டர் கூப்பிட்டு, "உனக்கு ஏம்மா இந்த வம்பு? பென்ஷன் வாங்கிட்டு நிம்மதியா இருக்க வேண்டாமா?" என்றார். நல்ல மனிதர்தான். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பென் டிரைவ் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எங்கே வைத்திருக்கிறேன் என்று உனக்குக்கூட எழுத மாட்டேன்.

நீ எழுதியபடி பார்த்தால் இரண்டாவது பென் டிரைவ் ஒன்று வேண்டும். பிரவுசிங் சென்டரில் போய் உட்கார எனக்கு நடுக்கமாக இருக்கிறது. நீயே செய்து தபாலில் அனுப்பு. சோதிப்பது எப்படி என்றும் எழுது.

ஃபோன் விஷயத்தை இவ்வளவு நாள் நான் பேசவில்லை. நீ முதல்நாள் படித்ததைக்கூட மறந்திருப்பேன். அதில் என் தோழியும் நானும் ஊர்க்கதை பேசியதைத் தவிர ஒன்றுமில்லை என்று உனக்கே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் மறுநாள் படித்தாய். அதற்கடுத்த நாளும். உனக்கு வேண்டியது என்னவென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அன்றிலிருந்து எதை எழுதினாலும் என் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரியே இருந்தது. அதோடு குடித்தனம் நடத்த முடியவில்லை.

இப்போது நிஜமாகவே நிற்கிறார்கள். சீக்கிரம் அனுப்பு. கண்டக்டரின் தங்கைக்குப் பொய் சொல்லிச் சொல்லி வாய் கசக்கிறது.

எலும்பி


ஜூன் 15

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன்.

இத்துடன் பென் டிரைவ் அனுப்பியிருக்கிறேன். புதிய பதிப்பு ஏற்றியிருக்கிறது. நானே என் கையால் செய்தது, ஆகவே எந்தச் சோதனையும் தேவையில்லை. கிடைத்த உடனே போட்டு, பாஸ்வேர்டு கொடுத்து, படங்களைத் திறந்து பார்த்துவிடவும்.

படங்களை யார் மூலம், எந்த வழியில் கமிஷனுக்கு அனுப்பப் போகிறாய் என்பதை விவரமாக எழுதவும். உன்னோடு வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் எழுதினால் உதவி செய்ய வசதியாக இருக்கும்.

தாமதிக்க வேண்டாம்.

உன் அன்புக் கணவன்


ஜூன் 17

எலும்பி,

இதைக் கொண்டுவருவது என் அக்கா. பஸ்ஸில் வருகிறாள். நீ படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பாள். படித்ததும் எரித்துவிடு.

தபாலில் வந்த பென் டிரைவைப் போட்டுவிட்டாயா? போட்டிருந்தால் மேலே படிக்காதே, பையை எடுத்துக்கொண்டு அக்காவோடு கிளம்பு.

போடவில்லை என்றால் கேள். உன் இரண்டாவது கடிதம் என் கைக்கு வரும்போதே பிரித்து ஒட்டியிருந்தது. அன்று சாயங்காலம் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினான். "உன் பொண்டாட்டிய உனக்கே நம்பிக்கையில்லாமதானே ஃபோனைப் பாத்த? இப்ப நாங்க பாக்குறோம். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றான். எலும்பி, இத்தனை வருஷத்தில் எவனும் என்னை அப்படி அடித்ததில்லை, கை நீட்டாமலே.

பென் டிரைவில் அவர்கள் கொடுத்ததை ஏற்றினேன். கடிதம் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். அக்காவின் பையன்களைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள், எந்தப் பள்ளிக்கூடம் என்றும் சொன்னார்கள். மறுக்கத் தைரியம் வரவில்லை. 'சோதனை தேவையில்லை' என்ற வரியை எழுதும்போது, முன்னால் எழுதியது உனக்கு நினைவிருக்க வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

இனி நான் அனுப்புகிற எதையும் நம்பாதே. புது பென் டிரைவ் ஒன்று நீயே கடையில் வாங்கு. உனக்குப் பழக்கமில்லாத இடத்தில், பெரிய லைப்ரரி மாதிரி கூட்டம் இருக்கிற இடத்தில் உட்கார். அந்த சிஸ்டத்தின் சொந்த வெப்சைட் பக்கத்திலிருந்தே இறக்கு. இறக்கியது அசல்தானா என்று சோதிக்க அந்தப் பக்கத்திலேயே ஒரு பட்டன் இருக்கும். பச்சையாக 'சரி' என்று வந்தால் மட்டும் மேலே போ. அதைப் பென் டிரைவில் எப்படி ஏற்றுவது என்பதும் படம் போட்டே காட்டியிருப்பார்கள். அவசரப்படாதே. ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படி.

இன்னொரு உபகாரம். நான் அனுப்பியதைப் போட்டுவிட்டதாகத் தபாலில் ஒரு கடிதம் எழுது. அவர்கள் படிக்கட்டும். கொஞ்ச நாள் கிடைக்கும்.

ஸ்க்ரூ


ஜூன் 17

ஸ்க்ரூ,

உன் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறாள். அதனால் சுருக்கமாக.

போடவில்லை. கவரைப் பிரித்ததும் ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். செருகுகிற இடம்வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். கை நின்றுவிட்டது. 'நான் கொடுத்தாலும் சரி' என்று எழுதியவன், 'உன் அன்புக் கணவன்' என்று ஒருநாளும் கையெழுத்துப் போட மாட்டான். நேற்றெல்லாம் அதைக் கையில் வைத்துக்கொண்டு, யாரைத்தான் நம்புவது என்று உட்கார்ந்திருந்தேன். போட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை தோன்றியது. நம்பிவிட்டால் தூங்கலாமே என்று.

நீ எங்காவது போய்விடு. கடையைப் பூட்டு. ஒரு வாரம், பத்து நாள். கமிஷன் முடியட்டும். படங்களை மேஜையில் வைத்துவிட்டால் அப்புறம் உன்னை வைத்து அவர்களுக்கு என்ன லாபம்? கெஞ்சிக் கேட்கிறேன். போ.

அக்காவிடம் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் ராத்திரியெல்லாம் உக்காந்தே இருக்கான்மா" என்றாள்.

எலும்பி


ஜூன் 18

அன்புள்ள கணவருக்கு,

நீங்கள் அனுப்பிய பென் டிரைவ் கிடைத்தது. போட்டுப் பார்த்தேன். நன்றாக வேலை செய்கிறது. எனக்குத்தான் பாஸ்வேர்டு சரியாக நினைவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன். நினைவு வந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுவேன். என்னோடு வேறு யாரும் இல்லை. தனியாகத்தான் இருக்கிறேன்.

நீங்கள் உதவியதற்கு நன்றி சொல்ல வேண்டும். பிரிந்து வந்த பிறகு உங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். வீட்டில் குழாய் ஒழுகினாலும், ஃபேன் சத்தம் போட்டாலும், "இரு, ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டு வரேன்" என்று ஒரு குரல் வரும் என்று காது இன்னும் எதிர்பார்க்கிறது. அது வெட்கமாக இருக்கிறது என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. யார் படித்தாலும் பரவாயில்லை, நிஜம் நிஜம்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் வேலை ஏதாவது வந்தால் தட்டாமல் போய்வாருங்கள்.

உங்கள் மனைவி


ஜூன் 29

ஸ்க்ரூ,

உனக்கு மாற்றுத் துணி கொடுக்க அக்காவை ஆஸ்பத்திரிக் கைதி வார்டுக்குள் விடுகிறார்களாம். சட்டைப் பைக்குள் மடித்து வைக்கிறேன். படித்துவிட்டு வாயில் போட்டு மென்றாவது விடு, அங்கே எரிக்க முடியாது.

நீ போகவில்லை. போகச் சொல்லி அவ்வளவு கெஞ்சினேன், நீ கடையிலேயே உட்கார்ந்திருந்தாய். அக்காவிடம் கேட்டேன். "நான் ஓடிட்டா அவ எழுதினது பொய்னு தெரிஞ்சிடும்" என்று சொன்னாயாம். என்னுடைய பொய் உனக்கு எத்தனை நாள் தாங்கியது என்று தெரியவில்லை. ஒன்றும் வந்து சேராததைப் பார்த்து ஒருநாள் அவர்களுக்குப் புரிந்திருக்கும், உன்னைப் பிடித்து இந்த ஊர் லாக்கப்புக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

அப்டேட் நீ சொன்னபடியே செய்தேன். லைப்ரரியில் பரீட்சைக்குப் படிக்கிற கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். பச்சையாக 'சரி' வந்தது. வீட்டில் புதியதிலிருந்து ஆரம்பித்து, பழையதைச் செருகி, 'அப்கிரேட்' பட்டனை அழுத்தினேன். கரண்ட் போகக்கூடாது, போகக்கூடாது என்று சுவரில் இருக்கிற சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழையதிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். எழுந்தது. பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். எல்லோரும் இருந்தார்கள். கண்டக்டரின் விலா எலும்புகள், வெல்டரின் முழங்கால், அந்தக் கல்லூரிப் பெண்ணின் மணிக்கட்டு. திரையில் கை வைத்துக்கொண்டு அழுதேன். கண்டக்டரின் தங்கையிடம் அன்றுதான் பொய்யில்லாமல் "இருக்கும்மா" என்றேன். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது எக்ஸ்ரே அறையில் நாம் பார்த்துக்கொண்டதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே பேச நேரமில்லை.

சீட்டை வாங்கி வைத்துவிட்டு, "அடுத்தவரைக் கொண்டுவாங்க" என்று சொன்னபோது நான் பெயரைக்கூடப் பார்க்கவில்லை. நீ உள்ளே வந்தாய். வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு. போலீஸ்காரர், "கீழ விழுந்துட்டான், கை மட்டும் எடுங்க" என்றார். நீ என்னைத் தெரியாத மாதிரி சுவரைப் பார்த்தாய். நானும், "கையைத் தட்டையா வைங்க" என்றேன். உன் கையை நான் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று. வீங்கி, வேறு யாருடைய கை மாதிரியோ இருந்தது. விரலைப் பிரித்து வைக்கும்போது நீ பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது.

"எக்ஸ்ரே விழும், நீங்க வெளிய நில்லுங்க" என்றேன் போலீஸ்காரரிடம். கதவு மூடியதும் நீ கேட்டாய்:

"ஓப்பன் ஆச்சா?"

"ஆச்சு."

"எல்லாம் இருக்கா?"

"எல்லாமே இருக்கு."

நீ சிரித்தாய், ஸ்க்ரூ. உதடு கிழிந்திருந்தது, அதோடு சிரித்தாய். நான் ஓடிப்போய்த் தடுப்புக்குப் பின்னால் நின்று படம் எடுத்தேன். அது போதும். ஆனால் வெளியே எட்டிப்பார்த்து, "இன்னொரு பக்கமும் எடுக்கணும், இருங்க" என்றேன். அப்புறம் இன்னொரு பக்கம். தேவையே இல்லாத கோணம் அது. உன் உடம்பில் வீணாகக் கதிரை விட்டேன், மன்னித்துக்கொள். அந்த நேரத்தில் நான் உன் சட்டைக் காலரைச் சரிசெய்தேன், அவ்வளவுதான்.

இரண்டு விரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு முறிந்திருக்கிறது. மணிக்கட்டில் சின்னதாக ஒரு விரிசல். சேரும். நான் பார்த்தவரைக்கும் சேருகிற முறிவுதான். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியுமா என்று இப்போதே கேட்காதே. அந்தப் படத்துக்கும் நகல் எடுத்தேன்.

நேற்று கமிஷன். எக்ஸ்ரே எடுக்கும்போது மாட்டுகிற ஈயக் கவசத்தின் மடிப்புக்குள் தைத்து வைத்திருந்த பென் டிரைவைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு படமாகத் திரையில் காட்டினேன். நீதிபதி வயதானவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கண்டக்டரின் தங்கை முதல் வரிசையில் இருந்தாள். தன் அண்ணனின் நெஞ்சைத் திரையில் பார்த்தபோது அவள் அழவில்லை. எழுந்து நின்றாள், அந்தப் படம் போகும்வரை.

கடைசியில் உன் கை வந்தது. அரசு வக்கீல் எழுந்தார்.

"இது யாருடைய கை?"

சொன்னேன்.

"அவர் உங்களுக்கு என்ன உறவு?"

"கணவர்."

"உங்களுக்குள்ள விவாகரத்து கேஸ் நடக்குதுல்ல?"

"நடக்குது."

"ரெண்டு வருஷமா தனித்தனியா இருக்கீங்க. சேர்ந்து வாழாத ஒருத்தர..."

நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "என்ன எழுதிக்கலாம்மா?"

"கணவர்னே எழுதுங்க ஐயா" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். உன்னை வியாழக்கிழமை நேரில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். நிறுத்துவார்களா, அதுவரை உன்னை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. வார்டுக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவில் ஒரே ஒரு நடைபாதைதான், ஆனால் திருப்பத்தில் காவல் போட்டிருக்கிறார்கள். நேற்றிலிருந்து என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். வாசலில், கண்டக்டரின் தங்கை நிற்பாளே அந்த இடத்தில்தான், நான் நிற்கிறேன். இப்போது அவளும் என்னோடு நிற்கிறாள்.

மாவுக்கட்டை நனைக்காதே. கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்நுனிகளை மட்டும் அடிக்கடி அசைத்துக்கொண்டிரு, இல்லாவிட்டால் இறுகிவிடும். கையைத் தொங்கப்போடாமல் நெஞ்சோடு வைத்துக்கொள். வலித்தால் வலிக்கிறது என்று நர்ஸிடம் சொல், வீராப்புக் காட்டாதே.

அழுக்குச் சட்டையை அக்காவிடம் கொடுத்து அனுப்பு. பையில் ஏதாவது எழுதி வை. இடது கையால் எழுதினாலும் சரி, ஒரே ஒரு எழுத்தாக இருந்தாலும் சரி. வியாழக்கிழமைவரை எனக்கு அது வேண்டும்.

எலும்பி